வந்த வீட்டுக் காபி

முருகப்பனுக்குக் காபி போட்டுக் கொடுத்துப் பாராட்டு வாங்கியவர்கள் இந்த ஜில்லாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவருடைய மனைவி சாலா மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி கிடையாது.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே, "டிகாக்ஷன் அவசரத்துல இறக்குனதா?" என்று கேட்ட மனிதர் அவர். அன்றைக்கு ஆரம்பித்தது. சிக்கரி தூக்கல், சர்க்கரை அடியில் தங்குகிறது, டம்ளரில் புளி வாசம், பால் இரண்டாந்தரம் சுடவைத்தது என்று தினம் ஒரு குற்றப்பத்திரிகை. அதிலும் அந்த இரண்டாந்தரம் சுடவைத்த பாலை அவர் மன்னித்ததே இல்லை. பேங்க் மேனேஜராக ஊர் ஊராக மாற்றலாகிப் போனபோதெல்லாம் வீட்டுச் சாமானோடு இந்தச் சண்டையையும் லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். ஓய்வு பெற்று, காரைக்குடியில் செக்காலை ரோட்டுக்குப் பின்னால் அடக்கமாக ஒரு வீட்டைக் கட்டிக் குடிவந்த பிறகும் சண்டை ஓயவில்லை. சாலாவும் லேசுப்பட்டவள் இல்லை. "பிடிக்கலேன்னா கடையில போய்க் குடிச்சுக்கிருங்க" என்று டம்ளரைப் பிடுங்குவாள். அவர் பிடியை விடமாட்டார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, டம்ளரை டபராவுக்குள் கவிழ்த்துவிட்டுத்தான் திட்டி முடிப்பார்.

இதே மனிதர் அடுத்தவர் வீட்டுப் படியேறினால் ஆளே வேறு. ஒரு தடவை சிங்கம்புணரியில் சொந்தக்காரர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே கொடுத்த காபியில் பால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாசம் குப்பென்று அடித்தது. சாலா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பூச்சட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். முருகப்பன் முழுசாகக் குடித்தார். குடித்ததோடு விடாமல், "அருமையான காபி ஆச்சி, இன்னும் அரை டம்ளர் கிடைக்குமா?" என்று அந்த வீட்டம்மாளிடம் வேறு கேட்டார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் அவருடைய வாய் திறந்தது. திருப்பத்தூர் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பாலைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"அங்கனயே சொல்லித் தொலைக்கிறதுதானே?" என்றாள் சாலா.

"வந்த வீட்டுல குத்தம் சொல்லக்கூடாது. அது என்ன நம்ம வீடா?" என்றார் அவர்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் பேர்களை, அப்புறம் தெருவை. மதுரை டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பத்தேகால் மணி காட்டச் சொன்னார். முருகப்பன் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்தார். பிறகு பேனாவை மூடி டாக்டரின் மேஜையிலேயே மரியாதையாக வைத்துவிட்டார். டாக்டர் என்னென்னவோ சொன்னார். சரியாகாது, கூடத்தான் செய்யும் என்பது அதில் சாலாவுக்குப் புரிந்தது. புரிந்ததை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "பேங்க் மேனேஜரா இருந்தவுகளப் போயி படம் வரையச் சொன்னா?" என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள்.

அவளிடம் அவளுக்கென்று ஒரு சோதனை இருந்தது. காலையில் காபி கொடுத்தால் குறை சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் மனிதர் உள்ளே பத்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றால் என்ன, செருப்பை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால்தான் என்ன, "இது காபியா, கழனித்தண்ணியா?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுது நல்ல பொழுது.

சில மாதங்களாக அந்த வார்த்தையும் வருவதில்லை. சாலா அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். பால்காரர் மாறியிருக்கிறார், புதுப் பால் கெட்டியாக இருக்கிறது, குறை சொல்ல இடமில்லை. அவருடைய பேச்சிலும் ஒரு பணிவு வந்திருந்தது. "உக்காருங்க", "நீங்க சாப்பிட்டீகளா?" என்றெல்லாம் அவளைக் கேட்டார். வயதாக ஆக மனிதருக்குப் பெண்டாட்டி அருமை தெரிகிறது என்று நினைத்து, அந்த வயதிலும் சாலா கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டாள்.

பெங்களூரிலிருந்து மகன் அக்ஷய் வந்திருந்தபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. சாலா குளித்துக்கொண்டிருந்தாள், அக்ஷய் போனில் பேசிக்கொண்டிருந்தான். முருகப்பன் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். செக்காலை ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவரை ஓர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். இறங்கியதும் முருகப்பன் அக்ஷயைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று விசாரித்தார்.

அக்ஷய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மெதுவாகப் பேச்செடுத்தான். கோயம்புத்தூரில் ஒரு இல்லம் இருக்கிறதாம். இந்த மாதிரி மறதிக்காரர்களை மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டானாம்.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா விடுவீகளா ஆத்தா? உங்களால தனியாச் சமாளிக்க முடியாது. அப்பச்சிக்கு நம்மளையே அடையாளம் தெரியல."

"நீ வருஷத்துக்கு ஒருக்கா வந்து நின்னா யாருக்குத்தான் தெரியும்? என்னைத் தெரியும்டா அவுகளுக்கு. வேணும்னா அவுக காபியில கை வச்சுப் பாரு. அப்பத் தெரியும்."

இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ரோஷக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? அக்ஷய் பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தான். மூளைக்கு நல்லது, தூக்கம் வரும் என்று யாரோ சொல்லி வாங்கி வந்ததாம். சிங்கத்தின் பிடரி மாதிரி இருக்கும் ஏதோ ஒரு காளானைக் காயவைத்துப் பொடித்து, சுக்கு, மிளகு, பட்டை, மஞ்சள், ஏலக்காய் எல்லாம் சேர்த்திருந்தார்கள். காபிக்கொட்டையின் வாடையே படாத அந்தப் பொடிக்குக் காளான் காபி என்று பேர். பேர் வைத்தவனை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். டாக்டரும் காபியைக் குறைக்கத்தான் சொல்லியிருந்தார், ராத்திரியெல்லாம் முருகப்பன் தூங்காமல் நடந்துகொண்டே இருந்ததால்.

"சொல்லாம இதைக் குடுங்க. இது காபி இல்லேன்னு அப்பச்சி கண்டுபிடிச்சுட்டா, அந்த இல்லத்தப் பத்தி நான் பேசவே மாட்டேன். கண்டுபிடிக்கலேன்னா என் பேச்சை நீங்க கேக்கணும்."

"கண்டுபிடிக்கிறதா? என் மூஞ்சியிலயே ஊத்துவாக, பாரு" என்றாள் சாலா. சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அக்ஷய் ஊருக்குப் போன மறுநாள் காலையில் பால் காய்ந்ததும் அவள் டப்பாவைத் திறந்தாள். மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து மண்வாசமும் பிரசவ மருந்து வாசமும் கலந்து வந்தன. ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். நிறம் என்னவோ காபி நிறந்தான். நுரை வர ஆற்றி, வழக்கமான டபராவில், வழக்கமான டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, ஊற்றினால் மேலே படாத தூரத்தில் தள்ளி நின்றுகொண்டாள்.

முருகப்பன் ஒரு வாய் குடித்தார். புருவம் லேசாக ஏறியது. சாலா இன்னும் ஓர் அடி தள்ளிப்போனாள். அவர் இரண்டாவது வாயும் குடித்தார், மூன்றாவதும் குடித்தார். கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு டம்ளரை டபராவுக்குள் கவிழ்க்காமல் நேராக வைத்தார்.

"பிரமாதமா இருக்கு ஆச்சி" என்றார்.

சாலா அடுக்களைக்குப் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே சொல்லிக்கொண்டாள், ஒரு கரண்டி போதாது, அதனால்தான் தெரியவில்லை. சாயங்காலம் இரண்டு கரண்டி போட்டாள். அதையும் அவர் குடித்து, "ரொம்ப சந்தோஷம்" என்றார். மறுநாள் சர்க்கரையே போடவில்லை. அதற்கு மறுநாள் பாலையும் விட்டுவிட்டு வெந்நீரில் கரைத்துக் கொடுத்தாள். கஷாயம் மாதிரி கறுப்பாக இருந்த அதை அவர் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "இந்த மாதிரி ஒரு காபி குடிச்சு எத்தனை நாளாச்சு" என்றார்.

அக்ஷய் தினமும் போன் பண்ணினான். "பொடியை இன்னும் பிரிக்கவே இல்லப்பா, வேலை சரியா இருக்கு" என்று சொல்லி வைத்தாள். காபிப்பொடி அரைத்து வாங்கும் கடைக்கு ஒருநாள் போனபோது, அரைபடும் வாசம் தெருவுக்கே வந்தது. அந்த வாசத்தில் நின்றபடி அவள் அழுதாள். அவருடைய நாக்கு செத்துப்போயிற்று, நாக்கே செத்த பிறகு மனிதரில் மிச்சம் என்ன இருக்கிறது என்று அழுதாள். கடைக்காரர் சங்கடப்பட்டு, கண்ணில் தூள் விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

பந்தயத்துக்கு முடிவு கேட்டு, தேவைப்பட்டால் அவரைக் கையோடு கூட்டிப்போக, அந்த ஞாயிற்றுக்கிழமை அக்ஷய் காரோடு வருவதாக இருந்தது. சனிக்கிழமை காலையில் சாலா இரண்டு டம்ளர் கலந்தாள். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வாய்க்கு மேல் அவளால் விழுங்க முடியவில்லை. தொண்டை மிளகில் எரிந்தது, நாக்கில் மண் அப்பியது. இதையா இந்த மனிதர் இத்தனை நாள் குடித்தார்?

"நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குங்க."

"என் மேல சத்தியமாச் சொல்லுங்க. ஒரு குறையும் இல்லையா? எதுன்னாலும் சொல்லுங்க. நான் கோவிச்சுக்கிற மாட்டேன்."

முருகப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை, அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு யார் காதிலும் விழக்கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களே இவ்வளவு கேக்குறதுனால சொல்றேன். தப்பா நினைக்காதீக. இது காபியே இல்லையே ஆச்சி. மண்ணு வாடை அடிக்குது. சுக்கு வேற மூக்குல ஏறுது. காபின்னு எவனோ உங்களை ஏமாத்தி வித்துருக்கான்."

சாலா எழுந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு சாகவில்லை, மனிதர் இருக்கிறார், ஜெயித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அப்ப இத்தனை நாளா ஏன் சொல்லல? மொத நாளே திட்டியிருக்கலாம்ல?"

அவர் தம் கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டார்.

"அதெப்படிங்க? வந்த வீட்டுல குத்தம் சொல்லக்கூடாதுல்ல. வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, துணி துவைச்சுக் குடுத்து, இவ்வளவு நல்லாப் பாத்துக்கிறீக. எங்க வீட்டுலயா இருந்தா இந்நேரம் சாலாவை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்."

"சாலா யாரு?" சாலாவின் வாயிலிருந்து அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"எங்க வீட்டுக்காரி. அவகிட்ட மட்டுந்தான் சத்தம் போடுவேன். அவகிட்டதானே போட முடியும்? பொறுத்துக்குவா. நல்ல பொம்பளை." சொல்லும்போது அவர் முகத்தில் இத்தனை மாதமாக அவள் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. "நேரமாச்சு ஆச்சி. நான் கிளம்பணும். காபியைக் கலந்து வச்சுக்கிட்டு அவ பாட்டுக்கு உக்காந்திருப்பா. ஆறிப்போகும்."

சாலா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பன்மையில் பேசியது, உட்காரச் சொன்னது, அவள் வெட்கப்பட்டது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இன்னொரு வீட்டு ஆச்சிக்குக் கொடுத்த மரியாதையை வாங்கிக்கொண்டு பூரித்துப் போயிருக்கிறாள். அந்த அவமானத்தைச் சொல்லி அழுவதற்கும் அவளுக்கு இருந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து, வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டு, கிளம்ப உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. அக்ஷய்தான்.

"நாளைக்கு வர்றேன் ஆத்தா. பொடியைக் குடுத்தீகளா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

"குடுத்தேன். கண்டுபிடிச்சுட்டாக."

"என்ன சொன்னாக?"

"காபியே இல்லேன்னாக. மண்ணு வாடை அடிக்குதாம். எவனோ ஏமாத்தி வித்துட்டானாம்."

அக்ஷய் சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் கெட்ட பிள்ளை இல்லை. அப்பனை அங்கே விட்டுவிட்டு வருவதை நினைத்து அவனும் தூங்காமல்தான் இருந்திருக்கிறான். "சரி ஆத்தா, நீங்க ஜெயிச்சுட்டீக. இனிமே அந்தப் பேச்சை எடுக்கல. அப்பச்சி நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றான்.

நம்ம வீடு என்று அவன் சொன்னது அவளைச் சுட்டது. அவருக்கு இதுவும் ஒன்றுதான், கோயம்புத்தூரும் ஒன்றுதான், இரண்டுமே வந்த வீடு. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் போட்டதைச் சாப்பிட்டு, கொடுத்ததைக் குடித்து, நன்றி சொல்லி, கிளம்பட்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கப் போகிறார். இதை மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை, வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

முருகப்பன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இருங்க. நல்ல காபியா ஒண்ணு குடிச்சுட்டுப் போகலாம்" என்றாள் சாலா.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

காளான் டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டாள். ஃபில்டரில் புதிதாகப் பொடி போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, இறங்குகிற வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றாள். பால் மட்டும் காலையில் காய்ச்சியதுதான் மிச்சம் இருந்தது. புதுப்பால் சாயங்காலந்தான் வரும். இருந்ததையே மறுபடி சூடாக்கிக் கலந்தாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இந்தத் தடவை தள்ளி நிற்கவில்லை, பக்கத்திலேயே நின்றாள். ஒரு திட்டு வராதா என்றிருந்தது.

அவர் ஒரு வாய் குடித்தார். குடித்ததும் நிமிர்ந்தார். டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோனார், மறுபடி குடித்தார். கண் பளிச்சென்று ஆனது.

"இது எங்க வீட்டுக் காபியாச்சே" என்றார். அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தில் தேட ஒன்றுமில்லை என்பது போலப் பார்வை அவளைத் தாண்டி அடுக்களைப் பக்கம் போயிற்று. "சாலா வந்திருக்காளா?"

சாலா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"உள்ளயா இருக்கா? கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

அவள் திரும்பி அடுக்களைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் நின்றுகொண்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "என்ன?" என்றாள். அந்த வீட்டில் எப்போதும் கேட்கும் அதே கடுகடுப்பை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னவா? டிகாக்ஷன் நல்லாத்தான் இறக்கியிருக்க. பாலைக் கெடுத்துட்டியே சாலா. ரெண்டாந்தரம் சுடவச்ச பாலுதானே இது? எத்தனை தடவை உன்கிட்டச் சொல்றது? மனுஷன் குடிப்பானா இதை?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்டது. சாலா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டாள். "பிடிக்கலேன்னா கடையில போய்க் குடிச்சுக்கிருங்க" என்று பதிலுக்குச் சொன்னாள். வெளியே அவர் முணுமுணுத்துக்கொண்டே உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது. டம்ளரை டபராவுக்குள் கவிழ்க்கும் சத்தமும் கேட்டது.

பிறகு நாற்காலி நகர்ந்தது.

"சரி, வா சாலா. நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றார் முருகப்பன். "பாவம், இந்த ஆச்சிக்கு ரொம்ப நாளாச் சிரமம் குடுத்துட்டேன். சொல்லிக்கிட்டுக் கிளம்புவோம். சீக்கிரம் வெளிய வா."

சாலா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.